நூலும் உளியும்

நூல் என்னுஞ் சொல் நம் மொழியில் ஒரு பொருளோடு நில்லாது. நெசவாளர் பாவாகவும் ஊடையாகவும் கொள்வது நூல். கற்றோர் ஓதுவது நூல். தச்சர் செங்காவியில் தோய்த்து மரத்தின்மேல் இழுத்துத் தெறித்துக் கோடிடுவதும் நூல். அவ்வளவோ! ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்து, அப்பகுப்பு ஒன்றையும் தச்சர் 'நூல்' என்றே வழங்குவர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், மரத்தின் கோணலைத் தச்சனது நூல் காட்டித் தீர்ப்பதுபோல மாந்தர் மனத்தின் கோணலைக் கல்வி நூல் தீர்க்கும் என்னுங் கருத்தைத் தம் பாயிரத்துள் வைத்தார். அப்பாயிரமே சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்பவளாகவும் உவமித்தது. பஞ்சும் மரமும் ஏடும் ஒரு சொல்லால் பிணிப்புண்டு நிற்பதை இலக்கண வகுப்பில் ஓதி மனப்பாடஞ் செய்யும் நாம், அவ்வுவமைக்குரிய தொழிலைக் கண்கொண்டு காண்பது அரிதாகிவிட்டது. ஆதலின் இவ்வாண்டு மலரில் தச்சுத்தொழிலின் எளிய நுட்பங்கள் சிலவற்றை, யாம் கண்டும் கைப்படச் செய்தும் அறிந்த அளவில் எழுதத் துணிந்தோம்.

எமது ஊர் திருப்பருத்திக்குன்றம். காஞ்சி மாநகரையடுத்து வேகவதியாற்றின் பாங்கர் அமைந்தது. சமணர் வாழ்ந்த பகுதியாதலின் சினகாஞ்சி எனவும் பெயர்பெற்றது. பட்டுக்குப் பெயர்போன நகரின் அருகில் பருத்தியின் பெயரைத் தாங்கி நிற்பது இவ்வூருக்குள்ள ஒரு புதுமை. இங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகரப் படைத்தலைவராகிய இருகப்பர், தம் ஆசிரியர் புட்பசேனரின் விருப்பப்படி 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எடுப்பித்தார். அதன் விதானத்திலுள்ள ஓவியங்களுள் முதல் தீர்த்தங்கரராகிய இருடபதேவரின் வரலாறும் ஒன்று. படைத்தொழில், எழுத்து, உழவு, வித்தை, வாணிகம், கைவினை என்னும் ஆறனையும் மக்கட்குக் கற்பித்தவர் அவரே என்பது சமண மரபு. எழுத்தும் கைவினையும் ஒரே வரிசையில் நிற்றலை நண்பர்கள் உற்று நோக்குக. எழுதுகோல் பிடிக்குங் கை உயர்ந்தது, உளி பிடிக்குங் கை தாழ்ந்தது என்னும் வேற்றுமை அவ்வரிசையில் இல்லை.

நிற்க. எம் இல்லத்தில் குழித்தறி ஒன்று இருந்தது. தறி என்பது தலைமுதல் அடிவரை தச்சுவேலை. கால்களும் சட்டங்களும் மரம். நெய்த துணியைச் சுற்றும் உருளை மரம். காலால் மிதிப்பனவும் மரம். அங்குமிங்கும் ஓடும் நாடாவும் மரம். நெசவாளர் தெருவுக்கும் தச்சர் தெருவுக்கும் உள்ள உறவு இதனாலேயே நெருங்கியது. காஞ்சிப் பட்டின் பெருமையும் ஒருவகைப் பொருத்துவேலையின் பெருமையே. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக மூன்று நாடாக்கொண்டு இருவர் அமர்ந்து நெய்து, இரண்டு நிற ஊடைகளும் சேருமிடத்தில் ஒன்றையொன்று கோத்துப் பிடிக்கச் செய்வதைக் கோர்வை என்பர். சேலை நைந்தாலும் கரை பிரியாது என்று எம்மூர்ப் பெண்டிர் கூறுவது அக்கோர்வையின் உறுதி பற்றியே. சேர்த்த இடம் சேர்க்கப்பட்டவற்றினும் வலிதாக இருத்தல் வேண்டும்; இதுவே நெசவாளர்க்கும் தச்சர்க்கும் பொதுவான அறம்.

யாம் சிறுவராயிருந்த காலத்து ஒரு கார்த்திகை மாதத்தில், ஊடையை அடித்துச் சேர்க்கும் அச்சினைத் தாங்குகின்ற சட்டம் ஒருபுறம் ஆட்டங்கண்டது. ஆட்டம் ஒரு நூல் அளவே. ஆயின் அச்சு ஒருபுறம் முந்தியும் மறுபுறம் பிந்தியும் அடிக்கவே, துணியில் நெருக்கமும் தளர்ச்சியும் மாறிமாறி விழுந்தன. திருமணச் சேலை ஒன்றை அவ்வாறு நெய்து கொடுத்தபோது, வாங்கிய வணிகர் அதனை விளக்கொளியில் பிடித்துப் பார்த்துக் கூலியில் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டனர். அடுத்த பாவும் தறியில் ஏறியிருந்தது. அதுவும் அவ்வாறாயின் தை மாதத்தில் வீட்டில் நெல் இராது. எந்தையார் யாரோ சொன்னபடி முன்னரே ஓர் இரும்பாணியை அங்கே அடிக்கச் செய்திருந்தார். ஆணி நின்றது, ஆட்டமும் நின்றபாடில்லை, மரம் மட்டும் கீறிவிட்டது.

பின்னர் வந்த முதிய ஆசாரியார் சட்டத்தைத் தொட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு முதலில் செய்தது ஆணியைப் பிடுங்கியதே. “ஐயா! அசையும் பொருளுக்கு ஆணி ஆகாது. ஆணி தன் துளையைத் தானே பெரிதாக்கிக்கொள்ளும்” என்றார். பிறகு பொருத்தைப் பிரித்து, தேய்ந்திருந்த நாக்கின் இருபுறமும் மெல்லிய மரச்சீவல் ஒட்டி, காய்ந்தபின் துளைக்கேற்ப இழைத்து, அரை நூல் வேறுபடத் துளையிட்டு, மூங்கில் முளை ஒன்றை இறக்கினார். அதன் பொருளைப் பின்னர் விளக்குவோம். எந்தையார் கூலி கொடுக்கச் சென்றபோது, “சேலையை அறுத்துப் பாருங்கள், பழுதில்லையானால் அப்போது வாங்கிக்கொள்கிறேன்” என்று கூறிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அச்சேலை பழுதின்றி அமைந்தது. அன்றுமுதல் விடுமுறைதோறும் அவர் பட்டறையில் மரத்தூள் வாருவது எம் வழக்கமாயிற்று. இனி வருவன அங்குக் கற்றவை.

முதலில் அறியத்தக்கது மரத்தின் இயல்பு. வெட்டி அறுத்தபின்னும் மரம் ஈரத்தை உண்டு புடைக்கும், வெயிலில் சுருங்கும். ஆயின் எத்திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நார் ஓடும் நீளப்போக்கில் மாறுதல் அறியவே முடியாத அளவு; அகலப்போக்கிலேயே அது மிகுதி. “தம்பி! மரத்துக்கு ஐப்பசியும் தெரியும், சித்திரையும் தெரியும்” என்பார் ஆசாரியார். அடைமழையில் கதவு இறுகிற்றென்று அன்றே இழைத்துத் தள்ளுவோர், கோடையில் விரல் நுழையும் இடைவெளியைக் காண்பர். ஆதலின் மழையில் இறுகும் இடத்தைக் கரியால் குறித்துவைத்து, மழை ஓய்ந்து மரம் சற்று உலர்ந்தபின் சிறிதே இழைத்தல் நலம். நல்ல கதவில் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையிடாமல் செருகுவது இதுபற்றியே. பலகை தன் விருப்பம்போல் விரிந்து சுருங்கும், சட்டமோ அசையாது. மேசைப்பலகையைக் கால்சட்டத்தோடு திருகாணியால் இறுக்குங்காலும் துளையை வட்டமாக இடாது அகலப்போக்கில் சற்றே நீட்டி இடவேண்டும். இல்லையேல் பலகை பிளந்து தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்.

'பசுமரத்தாணிபோல' என்பது நம் பழமொழி. இளமைக் கல்விக்கு அது பொருந்தும், தச்சுக்குப் பொருந்தாது. பசுமரத்தில் ஆணி எளிதில் இறங்குவது உண்மை. மரம் உலர்ந்து சுருங்கியபின் அதன் பிடி தளர்வதும் உண்மை. உலர்ந்த மரத்தில் அடிக்குங்கால் பிளவு நேராதிருக்க, ஆணியின் கூரைச் சுத்தியால் ஒருமுறை தட்டி மழுக்கிவிடுக. கூர்முனை நாரைப் பிளந்து செல்லும்; மழுங்கிய முனை நாரை நொறுக்கிக்கொண்டு செல்லும். பல ஆணிகளை ஒரே நாரின் வரிசையில் அடிக்கலாகாது. மாறிமாறி விலக்கி அடிக்கவேண்டும். திருகாணிக்கு முன்னர்ச் சிறுதுளையிட்டு, ஆணிமீது சிறிது மெழுகு தடவினால் கை நோவாது, ஆணியின் தலையும் சிதையாது. துளை பெரிதாகித் திருகாணி சுழன்றால், பெரிய ஆணி தேடி அலையவேண்டுவதில்லை. மூங்கிற் சிராயைப் பசையில் தோய்த்துத் துளையை நிரப்பி, உலர்ந்தபின் மீண்டும் முடுக்குக.

இனிப் பொருத்துக்களைக் கூறுவோம். எளியது பாதிப்பொருத்து. இரண்டு சட்டங்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்குமிடத்தில் ஒவ்வொன்றிலும் கனத்தில் பாதியை வெட்டியெடுத்து ஒன்றன்மேல் ஒன்றை அமர்த்தினால் இரண்டும் ஒரே மட்டமாகும். அளவுகோலால் அளந்து குறிப்பதைவிட ஒரு சட்டத்தை மற்றொன்றின்மேல் வைத்து அதன் விளிம்பையொட்டியே கத்திமுனையால் கீறுதல் சிறந்தது. கரிக்கோலின் கோட்டுக்கு அகலமுண்டு. கத்தியின் கீறலுக்கு அகலமில்லை. அக்கீறலில் உளியின் வாய் தானே சென்று அமரும். வாளால் அறுக்குங்கால் கோட்டின்மேல் அறாது, கழித்தெறியும் பக்கத்தில் கோட்டை ஒட்டி அறுக்கவேண்டும். கோடு வேலையில் எஞ்சியிருத்தல் நல்ல தச்சனுக்கு அடையாளம்.

தறிக்கும் கட்டிலுக்கும் நிலைக்கும் உயிரானது துளையும் நாக்கும் ஆகிய பொருத்து. ஒரு மரத்தில் நீள்சதுரத் துளை செய்து, மற்றொன்றின் முனையை அதற்கேற்ற நாக்காகச் செதுக்கிச் செருகுவது இது. நாக்கின் கனம் மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருத்தல் பொது விதி. மிகுந்தால் துளையுடைய மரம் மெலியும், குறைந்தால் நாக்கு முறியும். துளையை முன்னர்ச் செய்து நாக்கை அதற்கேற்ப இழைத்துக்கொள்க. நாக்கைச் சிறிதுசிறிதாகக் குறைத்தல் எளிது, துளையின் உட்சுவரைத் திருத்துதல் அரிது. நாக்கின் இருபுறமும் நிற்கும் தோள்கள் மரத்தோடு இடைவெளியின்றி அமர்தல் வேண்டும். ஆட்டத்தைத் தடுப்பதில் தோளுக்கும் பங்குண்டு. கொட்டாப்புளியின் மெல்லிய தட்டில் உள்ளே செல்வதே சரியான இறுக்கம். ஓங்கி அடித்தாலன்றிச் செல்லாதது மரத்தைப் பிளக்கும். கையால் தள்ளச் செல்வது நில்லாது.

எம் தறியில் ஆசாரியார் செய்த அரை நூல் வித்தை இப்பொருத்தின் நிறைவு. துளையுடைய மரத்தில் முளைக்கென ஒரு வழி துரப்பணத்தால் இட்டபின், நாக்கைச் செருகி அவ்வழி நாக்கில் படும் இடத்தைக் குறித்துக்கொள்வர். நாக்கை வெளியே எடுத்து, குறித்த இடத்தில் துளையிடாமல் அதினின்றும் அரை நூல் அளவு தோள்பக்கமாகத் தள்ளித் துளையிடுவர். பின்னர் நாக்கை மீண்டும் செருகி, நுனி சிறுத்த உலர்ந்த முளையை அடித்தால், இரண்டு துளைகளையும் நேராக்க முயலும் முளை நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டே செல்லும். தோள் மரத்தை முத்தமிட்டதுபோல் ஒட்டும். பசை வேண்டுவதில்லை, இரும்பும் வேண்டுவதில்லை. பழுது பார்க்கவேண்டின் முளையைத் தட்டிக் கழற்றலாம். அரை நூல் ஒரு நூலாக மிகுந்தால் முளையாயினும் நாக்காயினும் முறிந்துபோம். ஆகவே இதில் வலிமையைத் தருவது அளவே என்க.

நாக்கு மறுபுறம் வெளிப்படுமாறு செருகிய இடத்தில் ஆப்பு வைப்பதும் உண்டு. நாக்கின் முனையில் வாளால் பிளவுசெய்து ஆப்பை இறக்கினால் முனை விரிந்து மீளமாட்டாது. ஆப்பு விரிக்குந் திசை துளையுடைய மரத்தின் நார் ஓட்டத்தின் நீளப்பக்கமாக இருத்தல் வேண்டும். குறுக்கே விரித்தால் மரம் பிளக்கும். ஆப்பசைத்த குரங்கின் கதையை நாம் இளமையில் கேட்டுச் சிரித்தோம். அசைக்கலாகாத இடத்தில் ஆப்பும், அசையவேண்டிய இடத்தில் காடியும் வைக்க அறிவதே தச்சு. இவ்வாப்பின் உடன்பிறப்பே தேருக்கு இடும் முட்டுக்கட்டை. தேர் தெருமுனையில் திரும்புங்கால், சக்கரத்தின் கீழ்ச் சரிந்த கட்டையைக் கண்ணிமைப்பொழுதில் இட்டும் எடுத்தும் அம்மலையை வழிநடத்துவோரைக் கண்டோர், 'முட்டுக்கட்டை போடுதல்' என்பதை இழிசொல்லாகக் கருதார்.

பெட்டிக்கும் இழுப்பறைக்கும் உரியது புறாவால் பொருத்து. விரித்த புறாவின் வால்போல முனை அகன்றும் அடி குறுகியும் பற்களை வெட்டிக் கோத்தால், இழுக்கும் திசையில் அவை பிரியமாட்டா. இழுப்பறை நாள்தோறும் முன்புறமாக இழுக்கப்படுவது. ஆதலின் வால்களைப் பக்கப்பலகையில் வைத்தல் வேண்டும். சரிவு மென்மரத்தில் ஆறுக்கு ஒன்றும் வன்மரத்தில் எட்டுக்கு ஒன்றும் ஆகலாம். பசையை மட்டும் நம்பி ஒரு பலகையின் வெட்டுமுனையை மற்றொன்றில் ஒட்டுவோர் விரைவில் ஏமாறுவர். வெட்டுமுனை பசையைக் குடித்துவிடும். நீளப்பக்கத்தோடு நீளப்பக்கம் ஒட்டிய பலகையோ மரம் பிளந்தாலும் ஒட்டுப் பிளவாது. முன்னாளில் வழங்கிய வச்சிரப்பசை வெந்நீரும் சூடும் பட்டால் இளகும். பழைய நாற்காலிகளைப் பிரித்துத் திருத்த அது உதவிற்று. இந்நாளைய வெண்பசை உறுதி மிக்கது; ஆயின் ஒட்டியபின் எளிதில் பிரிக்க ஒட்டாது.

கணித வகுப்பில் கற்றவை பட்டறையில் பயன்படுவதைக் கண்டு யாம் வியந்ததுண்டு. எதிர்ப்பக்கங்கள் ஒத்த சட்டம் நேர்மூலை உடையதா என்பதற்கு மூலைமட்டமும் வேண்டா. இரண்டு மூலைவிட்டங்களையும் ஒரு கயிற்றால் அளந்து ஒத்திருந்தால் போதும். பெரிய நிலை நிறுத்துமிடத்தில் 3 அடி, 4 அடி, 5 அடி என முக்கோணம் பிடித்தால் நேர்மூலை கிடைக்கும். நாற்கால் பலகை ஆடும். முக்காலி எத்தரையிலும் ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமையும் என்னும் வடிவகணித உண்மையே இதற்குக் காரணம். பலகை முறுக்குண்டதா என அறிய, அதன் இருமுனையிலும் நேரான இரண்டு கோல்களைக் குறுக்கே வைத்துக் கண்ணை அவற்றின் மட்டத்திற்குத் தாழ்த்தி நோக்குக. இரண்டும் ஒரே கோடாகத் தோன்றின் பலகை நேர்.

மரம் அழுகுவதைப்பற்றியும் எம்மூர் ஒரு பாடம் கூறும். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துள் அத்திமரத்தாலான ஆதிமூர்த்தம் நீருள் வைக்கப்பட்டு, 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து வழிபடப்பெறுகின்றது. 1979இல் எழுந்தருளிய அத்திவரதர் மீண்டும் 2019இல் 48 நாள் காட்சியளித்தபோது திரண்ட மக்கட்பெருக்கை நாடறியும். அடியார் அதனை அருளென்று போற்றுவர். மரத்தின் இயல்பை ஆராய்வோர் கூறுவதும் ஒன்றுண்டு: மரத்தை அரிக்கும் பூசணத்திற்கு ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும், நீருள் ஆழ்ந்த மரத்திற்குக் காற்றில்லை, உலர்ந்த கூரைமரத்திற்கு ஈரமில்லை, ஆகவே இரண்டும் நெடுங்காலம் நிற்கும். வேலிக்கால் அழுகுவது மண்ணுக்குள்ளும் அன்று, மேலேயும் அன்று. மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த ஒரு சாண் அளவிலேயே. கழுவும் அறைக்கதவின் அடிமுனை முதலில் உளுத்துப்போவதும் அதனாலேயே. அங்கே பலகையின் வெட்டுமுனைக்கு இருமுறை வண்ணம் பூசுதல் கதவின் ஆயுளைப் பெருக்கும்.

இத்தொழிலின் தொன்மை பெரிது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி அது ஆக்கப்பட்டதெனப் பெருமிதத்தோடு கூறுகின்றது. அதற்கு முன்னர்க் கோயில்கள் அப்பொருள்களால் எழுந்தன என்பது இதனால் விளங்கும். மாமல்லபுரத்து ஒற்றைக்கற் கோயில்களில் குடிசைக் கூரையின் வடிவம் கல்லில் நிற்பதையும் காண்கின்றோம். தச்சன் மரத்தில் கண்டதையே கற்றச்சன் கல்லில் செதுக்கினான். மயமதம், மானசாரம் என்னும் சிற்பநூல்கள் மரங்களை இணைக்கும் முறைக்கென்றே தனி அதிகாரம் வகுத்தன. குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையும், சப்பான் நாட்டு நாராவில் 7ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஓர்யூசி மடமும் மரப்பொருத்தின் உறுதிக்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன.

ஆயின் இந்நாளில் வீடுதோறும் வருவது மரத்தூளைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை. விலை குறைவு, தோற்றம் அழகு. ஒருமுறை நீர் பட்டால் அது புடைத்து உதிரும்; ஒருமுறை கழன்ற திருகாணியை மீண்டும் எளிதில் பற்றாது. கால் ஒன்று ஆடினால் முழுப்பொருளும் தெருவுக்குச் செல்லும். அப்பலகையைப் பழிப்பது எம் நோக்கமன்று. எளியோர் இல்லத்திற்கு அலமாரி ஒன்று வந்தது அதனாலேயாம். திருத்தக்கூடிய பொருளையும் திருத்த அறியாமல் எறிவதே எம் வருத்தம். எம் ஆசாரியாரின் மக்கள் அத்தொழிலை ஏற்கவில்லை. அவர்களைக் குறை கூறவும் எம் நா எழாது. மெய்யான குறை, அவர் கூலியைப் பேரம்பேசிக் குறைத்து, கடைப்பொருளுக்குக் கேட்ட விலையைக் கொடுத்த நம்மிடத்தே உள்ளது. கைத்தொழிலாளியை மதியாத ஊரில் கைத்தொழில் தங்குவதில்லை; அது தங்காத ஊரில் ஆடும் தறியும் ஆடிக்கொண்டேயிருக்கும்.

மாணவ நண்பர்காள்! நீவிர் யாவரும் தச்சராதல் வேண்டுமென்று யாம் கூறவில்லை. ஓர் உளி, ஒரு சிறு வாள், ஒரு கொட்டாப்புளி, ஒரு சாணைக்கல் ஆகிய நான்கும் போதும். உளியைத் தீட்டக் கற்பது முதற்பாடம். மழுங்கிய உளியே கையை வெட்டுவது, ஏனெனின் அதற்கு மிகுந்த வலிமை கொடுத்துத் தள்ளவேண்டியிருக்கும். உளியின் முன்னே மற்றக் கையை ஒருபோதும் வைக்கற்க. நார் ஓடும் திசையறிந்து இழைப்புளியைச் செலுத்துக. எதிர்த்துச் செலுத்தினால் மரம் பிய்ந்துகொண்டு விடையிறுக்கும். பாதிப்பொருத்து ஒன்றைப் பத்துமுறை செய்க; பதினோராவது சரியாக அமையும். இவ்வாண்டு விடுமுறையில் வீடு செல்லுங்கால், நும் தெருவில் உளி பிடிக்கும் பெரியார் ஒருவர் இருப்பின் அவர் பட்டறையில் ஒரு பகற்பொழுது அமர்ந்து நோக்குக. அவர் கூறுவது எந்நூலிலும் இல்லாததாக இருத்தல் கூடும். அதனை எழுதிக்கொண்டு வந்தால், அடுத்த மலரின் பக்கங்களில் அதற்கு இடமுண்டு.